எண்பத்தேழாம் பூதத்தின் வாய்

செவ்வாய்க்கிழமை காலை அந்தக் காகிதம் மிசாவோவின் மேசைக்கு வந்தபோது, அதில் ஏற்கெனவே நாலு பேர் கையெழுத்துக்குப் பதிலாகக் குத்திய சிவப்புப் பெயர் முத்திரை விழுந்திருந்தது. இடது ஓரக் கட்டம் முதலாளி நெகோரோவுடையது. அது கடைசியில்தான் நிரம்பும். மற்ற நாலு முத்திரைகளும் அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்து இடப்பக்கமாக ஒரு சாய்வு சாய்ந்திருந்தன. காகிதத்தில்கூட முதுகை வளைத்து வணங்குகிற ஊர் அது. அப்படிச் சாய்க்க வேண்டும் என்று யாரும் சட்டம் போட்டதில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே கை தானாகச் சாய்ந்துவிடும்.

வலது ஓரக் கட்டம் மிசாவோவுடையது. விளையாட்டுப் பூதத்தின் படத்தை வரைந்த கை எதுவோ அந்தக் கையின் முத்திரை இல்லாமல் ஒரு சதுரத்தைக்கூட மாற்றக்கூடாது என்பது நெகோரோவே கொண்டுவந்த விதி. காகிதத்தில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: எண் 87, மோகோ. கோரைப்பல் இரண்டு சேர்க்க. முதுகில் முள் சேர்க்க. வளர்ந்த உருவத்தில் வாய் திறக்க வேண்டும். உள்ளே தீ கக்கும் குழாய்.

மிசாவோ அதை இரண்டு தரம் படித்தாள். பிறகு எழுந்துபோய் முதலாளியின் தட்டில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். இழுப்பறையிலிருந்து முத்திரையை வெளியே எடுக்கவே இல்லை.

"அக்கா, மறந்துட்டீங்க" என்றான் பக்கத்து மேசை மொமோசே. அவள் வரைகிற படங்களைக் கணினியில் ஓடவைக்கிறவன் அவன்.

"மறக்கல."

"கட்டம் காலியா இருக்கே."

"காலியாத்தான் இருக்கும்."

மொமோசே நாற்காலியை மெதுவாக அவன் பக்கம் இழுத்துக்கொண்டான். இடி விழப்போகிற மரத்தடியில் யாருக்கு உட்காரப் பிடிக்கும்? கால் மணி நேரத்தில் இடியும் வந்தது.

"ஏம்மா, இது என்ன கூத்து?" காகிதத்தை ஆட்டிக்கொண்டே வந்தார் நெகோரோ. குள்ளமான மனிதர், கோபம் வந்தால் காது மட்டும் சிவக்கும். "நாலு பேரு வச்சிருக்கான். உனக்கு மட்டும் என்ன கை வலியா?"

"கைக்கு ஒண்ணுமில்ல முதலாளி. மனசுக்குத்தான் ஒப்பல."

"ஒப்பலேன்னா தலைகீழா வச்சுத் தொலையேன். ஊருல எல்லாரும் அப்படித்தானே வைக்கிறான்? நானும் புரிஞ்சுக்கறேன், நீயும் சொன்ன மாதிரி ஆச்சு."

அதுவும் அந்த ஊர் வழக்கம்தான். இஷ்டமில்லாத காகிதத்தில் முத்திரையைத் தலைகீழாகக் குத்துவார்கள். 'வைத்துவிட்டேன், ஆனால் என் மனம் இதில் இல்லை' என்று பொருள். எல்லோரும் பார்ப்பார்கள், எல்லோருக்கும் புரியும், வேலை மட்டும் நிற்காமல் நடக்கும். நல்ல ஏற்பாடுதான், முதுகெலும்பை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வருகிறவர்களுக்கு.

"தலைகீழா வச்சாலும் வச்சது வச்சதுதான்" என்றாள் மிசாவோ. "நான் வைக்கல."

"நீ பிடிச்ச முயலுக்கு மூணே கால்னு நிக்காதே!"

"முயல்னா நாலு கால் போட்டுத் தர்றேன். மோகோவுக்குக் காலே கிடையாது. அதுக்கு வாயும் திறக்காது."

நெகோரோ காகிதத்தைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டார். "வியாழக்கிழமை டோக்கியோவிலேர்ந்து பொம்மைக் கம்பெனி கிரிஷிமா நேரா வர்றாரு. அவருகிட்டயே சொல்லிக்கோ" என்றுவிட்டுப் போனார். காது இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது.

கனெமாரு மிசாவோவுக்கு அப்போது நாற்பத்துநாலு வயது. வாயைத் திறக்கமாட்டேன் என்று அவள் நிற்பது அது முதல் முறை அல்ல.

ஒசாகாவுக்குத் தெற்கே இசுமியோத்சு என்ற ஊரில், கம்பளிப் போர்வை நெய்கிற தெருவில் பிறந்தவள். அம்மா ஆலையில் நூல் சுற்றினாள். மகளின் சாப்பாட்டு டப்பாவில் சோறும் அதன் நடுவில் உப்பில் ஊறிய ஒரு பிளம் பழமும் இருக்கும், வேறொன்றும் இருக்காது. பழம் தீர்ந்ததும் கொட்டையைத் துப்பிவிட மிசாவோவுக்கு மனம் வராது. கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு சாயங்காலம் வரை உப்பும் புளிப்புமாய்ச் சப்பிக்கொண்டிருப்பாள். பசிக்கு அது ஒரு துணை.

எட்டு வயதில் ஒருநாள் நகாயா வாத்தியார் பார்த்துவிட்டார். "வாயில என்ன கொழுக்கட்டையா? திற!" என்றார். திறக்கவில்லை. வாத்தியார் நெருங்கி வந்து வீங்கிய கன்னத்தை விரலால் அழுத்திப் பார்த்தார். ஒன்றும் தட்டுப்படவில்லை. அவருக்கு அது இன்னும் எரிச்சல். ஒரு அறை விட்டார். அப்போதும் திறக்கவில்லை. மூன்றாவது மணியிலிருந்து பள்ளி விடும் வரை நடைவழியில் நிற்க வைத்தார். நின்றாள். வீட்டுக்குப் போகும் வழியில் ஆற்றுப் பாலத்தில்தான் கொட்டையைத் துப்பினாள். அழுகை வந்தது, அதையும் அங்கேயே முடித்துக்கொண்டாள்.

பள்ளி முடிந்ததும் அதே ஊரில் வேலை கிடைத்தது. வீட்டில் வைத்துப் பின்னுகிற பின்னல் இயந்திரங்கள் அப்போது கல்யாணச் சீர் மாதிரி எல்லா வீட்டுக்கும் போய்க்கொண்டிருந்த காலம். இயந்திரத்தில் ஓட்டைபோட்ட அட்டை ஒன்றைச் செருகினால், ஓட்டை இருக்கிற இடத்தில் வேறு நிற நூல் விழும். அட்டையின் அகலம் இருபத்துநாலு கண்ணி. அந்த இருபத்துநாலுக்குள் மான் வேண்டும், பனி வேண்டும், வாத்து வேண்டும். பதினேழு வருடம் மிசாவோ அந்த வேலையைச் செய்தாள். கண் எங்கே வைத்தால் வாத்து, எங்கே வைத்தால் செருப்பு என்பது அவள் விரலுக்குத் தெரியும். பிறகு கடையில் ஸ்வெட்டர் மலிந்தது. யாரும் வீட்டில் பின்னவில்லை. அட்டைப் பிரிவை மூடினார்கள். அவள் அதற்காக மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கவில்லை. 'கட்டக் காகிதத்தில் படம் போடத் தெரிந்தவர் தேவை' என்று செய்தித்தாளில் ஒரு விளம்பரம் வந்தது. ரயிலேறி ஒசாகாவின் தெம்மாவுக்கு வந்தாள். வந்த இடம் நெகோரோவின் கம்பெனி. கையடக்கப் பெட்டியில் ஆடும் விளையாட்டுகள் செய்யும் பதினாலு பேர் கொண்ட மாடி அறை.

முதல் நாள் நெகோரோ கேட்டாராம், "கம்ப்யூட்டர் தெரியுமா?" என்று. "தெரியாது. சதுரம் தெரியும்" என்றாளாம். அன்றே மேசை போட்டுக் கொடுத்தார்.

எட்டு வருடம் கழித்து, குழந்தைகள் புல்வெளியிலும் குகையிலும் பூதங்களைத் தேடிப் பிடித்து, வளர்த்து, சண்டைக்கு விட்டு, கூட்டாளிகளோடு மாற்றிக்கொள்ளும் ஒரு விளையாட்டை நெகோரோ ஆரம்பித்தார். மொத்தம் நூற்றிருபது பூதங்கள். அதில் நாற்பத்தொன்று மிசாவோவின் கை. பெட்டியின் திரையில் வண்ணம் கிடையாது, சாம்பலில் நாலு தரம்தான். ஒரு பூதத்துக்கு ஐம்பத்தாறுக்கு ஐம்பத்தாறு சதுரம். மற்றவர்கள் இது போதாது என்று தலையிலடித்துக்கொண்டார்கள். இருபத்துநாலில் குடித்தனம் நடத்தியவளுக்கு அது அரண்மனை.

ஆனால் அரண்மனையில் கண்டதையும் கொண்டுவந்து அடுக்க அவள் விடமாட்டாள். யாராவது புதுப் படத்தைக் காட்டினால் முதலில் உள்ளே முழுக்கக் கறுப்பைக் கொட்டுவாள். வெறும் நிழலாகத் தெரியும்போதும் இன்னது என்று சொல்ல முடிகிறதா என்று பார்ப்பாள். அதற்குப் பிறகு கேள்வி. "மழை பெஞ்சா இது எங்க போய் ஒதுங்கும்?" "இதுக்கு யாரைக் கண்டா பயம்?" "தூங்கும்போது இந்தக் கொம்பை எங்க வச்சுக்கும்?" பதில் இல்லையென்றால் படத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். "சிங்கத்துக்கு ரெக்கை ஒட்டினா பூதம் ஆயிடுமா? சிங்கமும் கெட்டுது, ரெக்கையும் கெட்டுது." ஆறு மாதத்தில் அலுவலகத்தில் பாதிப் பேர் அவளோடு பேசுவதை நிறுத்தினார்கள். மீதிப் பாதி நன்றாக வரையத் தொடங்கினார்கள்.

அவள் வைத்ததிலேயே பெரிய சோதனை தொலைபேசிச் சோதனை. மாடிக்கு நேர் கீழே முட்டைகோஸ் அடை சுடுகிற கடை. கினுயோ என்ற அம்மாள் நடத்துவது. சுடுகல்லுக்கு முன்னால் முப்பது வருடம் நின்று முழங்கை வரை சூட்டுத் தழும்பு. காதில் எப்போதும் ஒரு பென்சில். ஒருநாள் மிசாவோ சாப்பாடு சொல்லக் கூப்பிட்டபோது, "மேல உக்காந்துகிட்டு அப்படி என்னதான்டி வரையறீங்க?" என்று கேட்டாள் கினுயோ. மிசாவோ அன்றைக்குப் போட்ட பூதத்தைச் சும்மா வாயால் சொன்னாள். சாப்பாட்டைக் கயிற்றுக் கூடையில் ஜன்னல் வழியாகத்தான் மேலே இழுப்பார்கள். அன்று கூடையில் அடையோடு ஒரு ரசீதுத் தாளும் வந்தது. தாளின் பின்னால் பென்சிலில் கினுயோ போட்ட படம். பார்க்காமலே போட்டது அச்சாக அதே பூதம்!

மறுநாள் இன்னொருவர் வரைந்த கவச நாகத்தைச் சொன்னார்கள். கூடையில் வந்ததைப் பார்த்தால் பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கானதுகூட இல்லை, குரங்கும் பாதியில் ஓடிப்போன கதை. அன்றிலிருந்து அது விதியாகிவிட்டது. வாயால் சொல்லிக் கினுயோவுக்கு வரைய வராத பூதம் விளையாட்டில் சேராது. பள்ளிக்கூட வாசலில் ஒரு பையன் இன்னொரு பையனிடம் வாயால்தானே சொல்லப்போகிறான்? 'நான் ஒண்ணு பாத்தேன்டா' என்று தொடங்கி அவன் சொல்லி முடிப்பதற்குள் கேட்கிறவன் மனதில் அது நிற்க வேண்டும். இல்லாவிட்டால் ஐம்பத்தாறு சதுரமும் தண்டம்.

எண்பத்தேழு அப்படித்தான் பிறந்தது. கொழுக்கட்டை மாதிரி உருண்டையான உடம்பு. கை கால் இல்லை. இரண்டு புள்ளிக் கண். இறுக்கி மூடிய கோடாக வாய். ஒரு கன்னம் மட்டும் புடைத்திருக்கும். அவ்வளவுதான். வாய் நிறைய எதையோ வைத்துக்கொண்டு மெல்லுவதை அந்த ஊரில் 'மோகோ மோகோ' என்பார்கள். அதையே பெயராக வைத்தாள். கினுயோ மூன்று கோட்டில் போட்டு அனுப்பினாள். கூடவே ஒரு வரி: 'உள்ளே என்னடி?'

அந்தக் கேள்விதான் வினையாக வந்தது. பொம்மைக் கம்பெனி ஒன்று நூறு பிள்ளைகளுக்கு விளையாட்டைக் கொடுத்து ஆடவிட்டு, பிறகு நினைவில் இருக்கும் பூதம் ஒன்றை வரையச் சொன்னது. எழுபத்திரண்டு பிள்ளைகள் மோகோவை வரைந்தார்கள். எல்லோரும் கேட்டது ஒன்றே: வாயில் என்ன இருக்கு? பொம்மைக் கம்பெனிக்கு நாக்கில் எச்சில் ஊறிவிட்டது. முதுகை அழுத்தினால் வாய் திறக்கிற மோகோ பொம்மை, உள்ளேயிருந்து தீக்குழாய். விளையாட்டிலும் அதே மாதிரி மாற்றினால்தான் பொம்மை போடுவோம் என்றார்கள். அதைச் சொல்லத்தான் வியாழக்கிழமை கிரிஷிமா வந்தார்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. மெலிந்த உடம்பு, தேய்ந்த ஷூ, ஊரிலிருந்து இனிப்புப் பொட்டலம் வாங்கி வந்து எல்லோருக்கும் இரண்டு கையாலும் கொடுத்தார். ஒசாகாக்காரர்கள் கத்துகிற இடத்தில் அவர் குரலைத் தாழ்த்துவார். அதுதான் மிசாவோவுக்குப் பயமாக இருந்தது.

"கனெமாரு அம்மா, உங்க பூதம்தான் பிள்ளைங்க மனசுல நின்னிருக்கு. முதல்ல அதுக்கு நான் தலை வணங்கறேன்" என்றார். உண்மையாகவே வணங்கினார்.

"நின்னிருக்குன்னா எதுக்குங்க மாத்தறீங்க?"

"பிள்ளைங்க ஒரு கேள்வி கேட்டிருக்காங்க. அதுக்குப் பதில் தர்றது நம்ம கடமை இல்லீங்களா?"

"பதில் கெடச்ச மறுநாள் அந்தப் பொம்மை கட்டிலுக்கு அடியில கெடக்கும். கேள்வி இருக்கிறவரைக்கும்தான் அது பையில இருக்கும்."

"அது உங்க அபிப்பிராயம்."

"ஆமாங்க. வரைஞ்சவ அபிப்பிராயம்."

நெகோரோ இருமினார். மிசாவோ தொலைபேசியை மேசை நடுவில் இழுத்து வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி பொத்தானை அழுத்தினாள். "எங்க ஆபீஸ்ல ஒரு விதி இருக்கு. உங்க மோகோவை நீங்களே சொல்லுங்க" என்றாள். கிரிஷிமா சங்கடப்படாமல் காகிதத்தைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தார். உருண்டையான உடம்பு, இரண்டு கோரைப்பல், சற்றே வளைந்தவை, முதுகில் பெரிய முள் மூன்று, அவற்றுக்கு இடையில் சிறியவை...

"ஐயா, கொஞ்சம் நிறுத்துங்க!" கீழேயிருந்து சுடுகல்லின் சத்தத்தோடு கினுயோவின் குரல் வந்தது. "இன்னும் எத்தனை முள்ளு பாக்கி? ரசீதுத் தாளு தீந்துபோச்சு. என்ன பூதமா, மீன் எலும்பா?"

மொமோசே சிரிப்பை அடக்க வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். சிறிது நேரத்தில் கூடை ஏறியது. அடையோடு வந்த தாளில் பன்றியும் பலாப்பழமும் கட்டிப் புரண்ட மாதிரி ஒன்று கிடந்தது. கிரிஷிமா அதை எடுத்துப் பார்த்தார். நன்றாகச் சிரித்தார். பிறகு அமைதியாகச் சொன்னார்:

"ரொம்ப நல்ல சோதனை. ஆனா எங்க பொம்மைய யாரும் போன்ல கேட்டு வாங்கறதில்லைங்களே. கடையில கண்ணால பாத்து வாங்கறாங்க."

மிசாவோ தொலைபேசியைப் பழைய இடத்துக்குத் தள்ளி வைத்தாள். அந்தச் சோதனை இங்கே செல்லாது என்று அறையில் எல்லோருக்கும் தெரிந்தது. கிரிஷிமா பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்தார்.

"இன்னொண்ணு. குறையா எடுத்துக்காதீங்க. எங்க ஆளு ஒருத்தர் கவனிச்சது."

தாளில் மோகோவின் இரண்டு படங்கள் இருந்தன. காட்டில் எதிரே வந்து நிற்கும்போது பூதத்தின் முகம் தெரியும். பிடித்து வளர்த்தபின் சண்டைக்கு விட்டால், நம் பக்கம் நிற்பதால் அதன் முதுகு தெரியும். முகம் தெரிகிற படத்தில் புடைப்பு பார்க்கிறவருக்கு இடது கைப்பக்கம். முதுகு தெரிகிற படத்திலும் அதே இடது கைப்பக்கம்.

"முன்னால பாக்கும்போது இடப்பக்கம் இருந்தா, திரும்பி நிக்கும்போது வலப்பக்கம் இல்ல வரணும்?" என்றார் கிரிஷிமா. "இல்லேன்னா கன்னம் மாறிடுது."

மிசாவோவுக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. ஸ்வெட்டருக்கு முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே அட்டைதான். வாத்து முன்னால் எந்தப் பக்கம் பார்க்கிறதோ பின்னாலும் அந்தப் பக்கமே பார்க்கும். அதை யாரும் தப்பென்று சொல்வதில்லை. பதினேழு வருடம் அப்படிப் பழகிய கை, எட்டு வருடத்துக்குப் பிறகும் யோசிக்காமல் ஒரே அட்டையைப் போட்டுவிட்டது. மற்றவர்களுடைய படத்தையெல்லாம் கிழித்தவள் தன் படத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை.

"தப்புதான்" என்றாள். "என் தப்பு. வெட்கமா இருக்கு."

நெகோரோவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "பாத்தியா? எப்படியும் திருத்தத்தானே போறே? ஒரே காகிதம், ஒரே முத்திரை. திருத்தறதோட திருத்தமா மத்ததையும் முடிச்சிடலாம்." செவ்வாய்க்கிழமைக் காகிதத்தை அவள் முன்னால் நகர்த்தி வைத்தார். கடைசியில் ஒரு வரி புதிதாகச் சேர்ந்திருந்தது: பின்படப் பிழை திருத்துக. முன்யோசனையோடுதான் வந்திருக்கிறார் மனிதர்.

"தப்பைத் திருத்தறேன். அதுக்குத் தனிக் காகிதம் கொடுங்க, இப்பவே வைக்கிறேன். இதுல வைக்கமாட்டேன்."

"மிசாவோ!" இதுவரை அவளை அவர் பேர் சொல்லி அதட்டியதில்லை. "பதினாலு குடும்பம் இந்தக் கூரைக்குக் கீழ இருக்கு. உன் ஒரு பூதத்தோட வாயிக்காக எல்லார் வாயிலயும் மண்ணைப் போடப் போறியா?"

அது சுட்டது. மொமோசே தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கு அந்த மாதம்தான் குழந்தை பிறந்திருந்தது. மிசாவோ முத்திரையைக் கையில் எடுத்தாள். எடுத்தது உண்மை. நெகோரோ சிவப்பு மைத் தட்டைத் திறந்து பக்கத்தில் வைத்தார்.

அந்த நேரத்தில்தான் படியில் மரச்செருப்புச் சத்தம் கேட்டது. கதவைத் திறந்துகொண்டு கினுயோ வந்தாள்.

"தட்டை அனுப்புங்கடான்னு கீழேர்ந்து எத்தனை தரம் கத்தறது? மத்தியானக் கூட்டம் வந்து நிக்குது, எனக்குத் தட்டு இல்ல!" கூடையில் தட்டை அடுக்கிக்கொண்டே மேசையைப் பார்த்தாள். "என்ன, யாராவது செத்துட்டாங்களா? மூஞ்சி எல்லாம் இப்படி இருக்கு?"

"நான் தப்பா வரைஞ்சுட்டேன்" என்றாள் மிசாவோ. படத்தைக் காட்டினாள். "கன்னம் மாறிப்போச்சு."

கினுயோ இரண்டு படத்தையும் எட்டிப் பார்த்தாள். "இது எதிராளியா வர்றது. இது நம்மகிட்ட வந்தப்புறம். அப்படித்தானே?"

"ஆமா."

"இதுல என்ன தப்பு? அங்க நிக்கும்போது ஒரு கன்னத்துல வச்சிருந்துச்சு. இங்க வந்ததும் அடுத்த கன்னத்துக்கு மாத்திக்கிச்சு. வாயில எதையாவது ஒளிச்சு வச்சிருக்கிறவ வேற என்ன பண்ணுவா? எவனாவது இந்தப் பக்கம் கை வச்சா அந்தப் பக்கம் தள்ளிடமாட்டாளா?"

மிசாவோவின் கை தன் கன்னத்துக்குப் போனது. நகாயா வாத்தியாரின் விரல் கன்னத்தை அழுத்தியதும், அதற்குள் நாக்கு கொட்டையை மறுபக்கம் தள்ளிவிட்டதும், அவருக்கு ஒன்றும் தட்டுப்படாமல் போனதும், முப்பத்தாறு வருடம் கழித்து அவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அறை வாங்கியது மட்டும்தான் இத்தனை நாளும் நினைவில் இருந்தது. ஏமாற்றியதை மறந்தே போயிருந்தாள்!

கிரிஷிமா இரண்டு தாள்களையும் கையில் எடுத்தார். முதலில் முகம், பிறகு முதுகு, மறுபடி முகம். டோக்கியோவின் அடக்கமெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"அப்ப..." என்றார், "உள்ள என்னதான் இருக்கு?"

முதலில் சிரித்தது நெகோரோதான். அடக்கப் பார்த்து முடியாமல் மேசையைத் தட்டிச் சிரித்தார். "கேட்டுட்டாருடா! இவரும் கேட்டுட்டாருடா!"

"இதுக்குத்தான் திறக்கமாட்டேங்கறேன்" என்றாள் மிசாவோ. செவ்வாய்க்கிழமைக் காகிதத்தைப் புரட்டி, பின்பக்கம் பென்சிலால் எழுதினாள்: எண் 87. மாற்றம் இல்லை. பின்படம் பிழை இல்லை. வலது ஓரத்தில் தன் முத்திரையைக் குத்தினாள். சாய்க்கவில்லை, தலைகீழாக்கவும் இல்லை. நட்ட கம்பம் போல நேராக நின்றது. நெகோரோ அதைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். "திமிரைப் பாரு" என்று முனகிக்கொண்டே தன் முத்திரையை எடுத்து இடது ஓரத்தில் வைத்தார்.

கினுயோ போகிற போக்கில் மிசாவோவின் காதோடு கேட்டாள். "எனக்காவது சொல்லுடி."

"கூட்டம் காத்துகிட்டு நிக்குது, கீழ போ."

வாயைத் திறக்காத மோகோவுக்குப் பொம்மை போட முடியாது என்று டோக்கியோ சொல்லிவிட்டது. முப்பத்தொன்றாம் எண் நெருப்புப் பறவையைப் பொம்மையாக்கினார்கள். கம்பெனி பிழைத்தது, பதினாலு குடும்பமும் பிழைத்தன. விளையாட்டு அட்டைப்பெட்டியில் மோகோவின் படம் இல்லை. மிசாவோவின் மேசை ஒரு வருடம் கழிவறைக் கதவுக்குப் பக்கத்தில் கிடந்தது. அந்த மாற்றத்துக்கு யாரும் அவளிடம் முத்திரை கேட்கவில்லை. அவளும் போய்க் கேட்கவில்லை. விளையாட்டு வெளிவந்த மூன்றாம் மாதம் பிள்ளைகளின் கடிதங்கள் மூட்டையாக வந்தன. நெருப்புப் பறவை எவ்வளவு பலசாலி என்று கொஞ்சம் பேர் எழுதியிருந்தார்கள். மீதி எல்லாம் ஒரே கேள்வி. ஹொக்கைடோவிலிருந்து ஒரு சிறுமி மட்டும், 'என்னிடம் வந்ததும் கன்னம் மாற்றிக்கொண்டது, என்னைப் பார்த்துப் பயமா?' என்று கேட்டிருந்தாள். மிசாவோ அந்த ஒரு கடிதத்துக்குக் கைப்பட எழுதினாள்: 'பயம் இல்லை. உஷார்.'

அந்த வருடப் புத்தாண்டுக்குக் கிரிஷிமாவிடமிருந்து வாழ்த்து அட்டை வந்தது. வழக்கமான வணக்கத்துக்குக் கீழே ஒரு வார்த்தை: 'மீன் முள்ளா?' மிசாவோ பதில் அட்டையில் 'இல்லை' என்று எழுதினாள். அடுத்த வருடம்: 'கூழாங்கல்லா?' இல்லை. அதற்கடுத்த வருடம்: 'விழுந்த பல்லா?' இல்லை. வருடத்துக்கு ஒரு கேள்வி, ஒரு பதில். ஒன்பதாவது வருடம், 'உப்பு ஊறிய பிளம் கொட்டையா?' என்று எழுதியிருந்தார். மிசாவோ அதற்கும் 'இல்லை' என்றே எழுதினாள். அதைப் பொய் என்று சொல்லமுடியாது. அது அவள் வாயில் இருந்தது. மோகோவின் வாயில் இருப்பதைச் சொல்ல அவள் யார்?

இருபத்தொன்றாம் வருடம் அட்டையில் கேள்வி இல்லை. 'ஓய்வு பெற்றுவிட்டேன். பொம்மை விற்க இனி ஆள் இல்லை. யாரிடமும் சொல்லமாட்டேன். இப்போதாவது சொல்லுங்கள், கனெமாரு அம்மா' என்று நடுங்குகிற கையெழுத்தில் எழுதியிருந்தார்.

அவளும் அப்போது ஓய்வு பெற்று நாலு வருடம் ஆகியிருந்தது. கட்டக் காகிதம் ஒன்றை எடுத்து, ஐம்பத்தாறுக்கு ஐம்பத்தாறு எண்ணிக் கோடு போட்டு, மோகோவை வரைந்தாள். முகம் தெரிகிற மாதிரிதான் வரைந்தாள். வாய் இறுக்கி மூடியிருந்தது. புடைப்பை மட்டும் இந்தத் தடவை மறு கன்னத்தில் வைத்தாள். கீழே முத்திரையை நேராகக் குத்தி, தபால்பெட்டியில் போட்டுவிட்டு வந்தாள்.